கையெழுத்துக்கு மேலே ஒரு வரி

கோடு போட்ட தாளில் ஒரு வரி இடம் என்பது சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இராது. அறுபது ஆண்டுகளுக்கு முன்னால், ஆவுடையார்கோவிலுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நான் பஞ்சாயத்து கிளார்க்காக இருந்தபோது, மினிட் புத்தகத்தில் அப்படி ஒரு வரியைக் காலியாக விட்டேன். மேலே என் கையெழுத்தில் ஒரு தீர்மானம். அதன் கீழே எட்டு உறுப்பினர்களின் கையொப்பங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. பிறகு அந்தக் காலி வரி. அதற்கும் கீழே, சற்றுச் சாய்ந்த எழுத்தில், ஊரார் மெம்பரம்மா என்று கூப்பிட்ட பெண் உறுப்பினரின் கையொப்பம். நான் எழுதிய எத்தனையோ பக்கங்களில் ஒன்றும் நினைவில் இல்லை. எழுதாமல் விட்ட அந்த ஒரு வரி மட்டும் எந்தத் தாளில் கையெழுத்துப் போடப் போனாலும் முன்னால் வந்து நிற்கிறது.

அறுபதுகளின் தொடக்கம் அது. புதுக்கோட்டை சமஸ்தானம் நாற்பத்தெட்டில் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. ராஜாவுக்கு மனு எழுதிய கைகள் பஞ்சாயத்துக்கு ஓட்டுப் போடப் பழகிக்கொண்டிருந்தன. எனக்கு இருபத்து மூன்று வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். அதைவிடப் பெரிய தகுதி என் கையெழுத்து. முத்து முத்தாக எழுதுவேன். யூனியன் ஆபீசிலிருந்து தணிக்கைக்கு வரும் அதிகாரி என் மினிட் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "அடித்தல் திருத்தல் இல்லாத புத்தகம் இந்த யூனியன்லயே இது ஒண்ணுதான்" என்று மற்ற ஊர் கிளார்க்குகளிடம் சொல்லுவாராம். அந்தப் பேச்சு என் காதுக்கு வந்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு எழுத்துப் பிசகினாலும் அந்தத் தாளுக்காகத் துக்கப்படுகிற அளவுக்குப் போயிருந்தேன்.

அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவதற்கு என்னிடம் ஒரு வழி இருந்தது. கூட்டம் நடப்பதற்கு முன்பே எழுதிவிடுவேன். காலையில் தலைவர் வீட்டுக்குப் போய் இன்றைக்கு என்னென்ன தீர்மானம் என்று கேட்டுக்கொள்வது, ஆபீசுக்கு வந்து நிதானமாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எழுதி, ஒவ்வொன்றின் முடிவிலும் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று முடிப்பது. பிற்பகலில் உறுப்பினர்கள் வருவார்கள். வெற்றிலைத் தட்டு ஒரு சுற்று வரும். நான் வாசிப்பேன், கை தூக்குவார்கள், கையொப்பம் இடுவார்கள். சுற்று வட்டாரத்தில் பல கிளார்க்குகள் இப்படித்தான் செய்தார்கள். யாரும் இதைத் தவறென்று நினைக்கவில்லை. சமையல் ஆன பிறகு இலை போடுவதுபோல, முடிவு ஆன பிறகு கூட்டம். அவ்வளவுதான்.

மெம்பரம்மா உறுப்பினரானதும் அப்படித்தான். தேர்தலில் பெண் யாரும் வராவிட்டால் ஒரு பெண்ணை மற்ற உறுப்பினர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருந்தது. தலைவர் யோசித்துப் பார்த்து நடுத்தெருவில் தனியாக இருந்த இந்த அம்மாளைச் சொன்னார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், கணவர் இறந்த பிறகு ஊருக்குத் திரும்பி, கால் காணித் தோட்டத்தில் கத்தரியும் மிளகாயும் போட்டுப் பிழைத்தார். கொடுக்கல் வாங்கல் இல்லை, பங்காளிச் சண்டை இல்லை, கேட்க ஆளில்லை. "சத்தம் போடாத ஆளு" என்று தலைவர் சொன்னார். அவரைச் சேர்க்கும் தீர்மானத்தையும் நான் காலையிலேயே ஏகமனதாக நிறைவேற்றி வைத்திருந்தேன்.

இரண்டு ஆண்டுகள் அவர் சத்தம் போடவில்லை என்பது உண்மைதான். ஒன்று மட்டும் செய்வார். கையொப்பம் இடுவதற்கு முன் பக்கம் முழுவதையும் உதடு அசைய வாசிப்பார். மற்றவர்கள் வெளியே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். என்னுடைய எழுத்தை வாசிக்கிற ஒரே ஆள் அவர்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் ஒரே கண்மாய். மழை பொய்த்த ஒரு வருடம் தண்ணீர்த் தகராறு முற்றி, விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். அடுத்த ஊருக்கு முறைத் தண்ணீர் எந்தக் காலத்திலும் கிடையாது என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்லவேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. எல்லோரும் சொன்னார்கள். அதிகாரி கெட்டிக்காரர். கண்மாய்ப் பாசனத்தில் ஒரு குழி நிலம்கூட இல்லாத ஆள் யார் என்று கேட்டு, பஸ் ரோட்டோரத்தில் குடியிருந்த தையற்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். தையற்காரர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று, "வாரத்துல ரெண்டு நாளு அவுகளுக்கும் மடை தெறக்கிறது வழக்கந்தாங்க" என்று சொல்லிவிட்டார். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். அடுத்த ஊருக்கு இரண்டு நாள் முறை என்று உத்தரவானது. அந்த வருடம் எங்கள் ஊரில் கடைமடை வயல்கள் காய்ந்தன. காய்ந்த பயிரைப் பார்த்தவர்களுக்குத் தையற்காரர்மேல் வந்த ஆத்திரம் பொய்யானது என்று நான் சொல்லமாட்டேன். அது வயிற்றிலிருந்து வந்த ஆத்திரம்.

பழைய காலமாயிருந்தால் ஊரைவிட்டு விலக்கி வைத்திருப்பார்கள். இப்போது அப்படிச் செய்தால் போலீஸ், கேஸ் என்று ஆகும் என்பது தலைவருக்குத் தெரியும். அவர் சட்டம் தெரிந்த மனிதர். ஒரு காலையில் என்னை உட்காரவைத்து அவர் வாயால் சொல்லச் சொல்ல நான் எழுதிய தீர்மானம் இது: குடிநீர் ஊருணியின் வடகரைப் படித்துறை சுகாதாரம் கருதி மூடப்படுகிறது. இனித் தென்கரைப் படித்துறையில் மட்டும் நீர் எடுக்கவேண்டும். தென்கரைப் படித்துறை தெற்குத் தெரு, நடுத்தெரு, மேலத்தெரு ஆகிய மூன்று தெருக்காரர்களின் உபயோகத்துக்கு உரியது. ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.

அதில் யார் பெயரும் இல்லை. வாசித்துப் பார்த்தால் சுகாதார அதிகாரிக்கே சந்தோஷமாக இருக்கும். ஆனால் எங்கள் ஊரில் மூன்று தெருவிலும் சேராத வீடு ஒன்றே ஒன்றுதான், பஸ் ரோட்டோரத்துத் தையற்காரர் வீடு. அவர் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் வடகரையில்தான் குடம் நிரப்புவார்கள். ஊருணி கைவிட்டுப் போனால் ஒன்றரை மைல் நடந்து அடுத்த ஊருக்குப் போகவேண்டும். எழுதி முடித்தபோது வாசகம் நன்றாக அமைந்துவிட்டது என்ற திருப்தி எனக்கு இருந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை. அப்போது ஏதாவது தோன்றியிருக்கவேண்டும் என்று இப்போது தேடிப்பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

பிற்பகல் கூட்டத்தில் வாசித்தேன். எட்டுக் கைகள் உயர்ந்தன. மெம்பரம்மாவின் கை மடியிலேயே இருந்தது. தலைவர் கவனித்துவிட்டு, "என்னம்மா, தூங்கிட்டீங்களா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"இல்லைங்க. எனக்கு இதுல சம்மதமில்லை. எழுதிக்கச் சொல்லுங்க."

தலைவர் கோபப்படவில்லை. கோபப்படும் மனிதரும் அல்ல. "எட்டுப் பேரு கை தூக்கியாச்சு. ஒங்க ஒரு கை தூக்குனா என்ன, தூக்காட்டி என்ன? தீர்மானம் தீர்மானந்தானே."

"நான் தீர்மானத்தை மாத்தச் சொல்லலைங்க. எட்டுப் பேரு சொன்னது நடக்கட்டும், அதுதானே முறை. ஆனா நான் வேணாம்னு சொன்னதும் நடந்ததுதானே. அதையும் எழுதணும்ல. தோட்டத்துல எங்க சங்கத்துல, எதுத்துக் கை தூக்குனவுக பேரையும் எழுதித்தான் கீழ கையெழுத்து வாங்குவாக."

"இது தோட்டம் இல்லம்மா, ஊரு."

"ஆமாங்க. தோட்டத்துல புடிக்கலைன்னா அடுத்த தோட்டத்துக்குப் போகலாம். இங்க அந்த டைலரு எங்கிட்டுப் போவாரு? முன்னாடி ராஜா ஒத்தை ஆளாச் சொன்னாரு. இப்ப எட்டுப் பேராச் சொல்றோம். தண்ணி இல்லாதவனுக்கு ரெண்டும் ஒண்ணுதானேங்க."

ஓர் உறுப்பினர் கடைமடைப் பயிரைப் பற்றி ஏதோ சத்தமாகச் சொன்னார். அவர் வயலும் காய்ந்த வயல்களில் ஒன்று. தலைவர் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் உத்தரவு எதுவும் இல்லை. நான்தான் புத்தகத்தைப் பார்த்தேன். 'ஏகமனதாக' என்ற சொல் ஏற்கெனவே காய்ந்து, அழகாக, கோட்டின்மேல் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. அதை அடிக்கவேண்டும். அடித்து, மேலே வேறு எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போடவேண்டும். அடித்தல் திருத்தல் இல்லாத புத்தகத்தில் முதல் அடித்தல். எனக்கு அந்த நிமிடத்தில் தையற்காரர் வீட்டுக் குடமெல்லாம் நினைவில்லை. இந்தப் பக்கம் கெட்டுப்போகும் என்பதுதான் நினைவில் இருந்தது.

எட்டுப் பேரும் கையொப்பமிட்டு எழுந்து போனார்கள். மெம்பரம்மா மட்டும் பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். நான் மெதுவாக, "மெம்பரம்மா, ஒங்க ஆட்சேபணையைத் தனியா எழுதிடுறேங்க. வாசகம் சரியா அமையணும், அவசரத்துல எழுதுனா நல்லா இருக்காது. இந்தா, ஒரு வரி இடம் விட்டுருக்கேன். அதுக்குக் கீழ போட்டுட்டுப் போங்க" என்றேன்.

அவர் அந்தக் காலி வரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ எழுதிருவேல்ல தம்பி?"

"எழுதிருவேங்க."

கையொப்பமிட்டார். அவர் முழுவதும் வாசிக்காமல் கையொப்பமிட்ட ஒரே தாள் அதுதான். வாசிப்பதற்கு அந்த வரியில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அன்று மாலை தலைவர் ஆபீஸ் வழியாகப் போகும்போது, "அந்தம்மா சொன்னதை எழுதிட்டியா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "சரி சரி" என்று போய்விட்டார். எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. மேலே 'ஏகமனதாக' என்று இருக்கும்போது கீழே ஆட்சேபணை எப்படி எழுதுவது என்பது என் பிரச்சினை. நாளைக்கு யோசிக்கலாம் என்று புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். நாளைக்கு வேறு வேலை வந்தது. அடுத்த மாதம் அடுத்த பக்கம் வந்தது.

வடகரையில் கருவேல முள் வெட்டிப் போட்டார்கள். தையற்காரர் மனைவி குடத்தோடு அடுத்த ஊருக்கு நடக்கத் தொடங்கினாள். கொஞ்ச நாளில் இன்னொன்றும் நடந்தது. மெம்பரம்மா தினமும் காலையில் தென்கரைப் படித்துறையில் தன் குடத்தை நிரப்பி வீட்டில் வைத்துவிட்டு, மறுபடி வந்து நிரப்பி, இடுப்பில் ஒன்று தலையில் ஒன்றாக ஊர் நடுவே நடந்து ரோட்டோர வீட்டில் கொண்டுபோய் இறக்கினார். படித்துறையில் ஒருவர் தடுத்துக் கேட்டதற்கு, "நான் நடுத்தெருக்காரிதானே? எடுக்கலாம்னு இருக்கு. எடுத்த தண்ணியை யாருக்கு ஊத்தணும்னு தீர்மானத்துல இல்லையே" என்றாராம். என் வாசகத்தை அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார். இடையில் என்னை எதிரே பார்த்தபோது, "எழுதிட்டியா தம்பி?" என்று ஒருமுறை கேட்டார். தலையாட்டினேன். ஆம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், பார்க்கலாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு தலையாட்டல் எனக்கு வரும்.

தையற்காரர் மேலதிகாரிகளுக்கு மனுப் போட்டார். நான்கைந்து மாதம் கழித்து விசாரணை அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தையற்காரர் சொன்னதை முழுவதும் கேட்டார். முள் போட்ட படித்துறையைப் போய்ப் பார்த்தார். பிறகு மினிட் புத்தகத்தைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் தையற்காரரும் மெம்பரம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பஞ்சாயத்து முடிவுல நான் சும்மா கைவைக்க முடியாது" என்றார் அதிகாரி, தையற்காரரைப் பார்த்து. "உறுப்பினர்ல ஒருத்தராவது அப்பவே ஆட்சேபிச்சு, இது உங்க குடும்பத்தைக் குறிவச்சுப் போட்டதுன்னு பதிவாகியிருந்தா, நிறுத்திவச்சு மேலே எழுத எனக்கு ஒரு பிடி இருக்கும். இதுல ஒம்போது பேரும் ஏகமனதான்னு இருக்கே."

"நான் ஆட்சேபிச்சேங்க" என்றார் மெம்பரம்மா. "எழுதியிருக்கும், பாருங்க."

அதிகாரி புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினார். மெம்பரம்மா குனிந்து பார்த்தார். உதடு அசையவில்லை. அசைய அங்கே எழுத்து எதுவும் இல்லை.

"கையெழுத்து உங்களோடதுதானேம்மா?"

"ஆமாங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "என்னப்பா, இந்தம்மா கூட்டத்துல எதிர்த்துப் பேசினாங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் மட்டும் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உண்மையைச் சொன்னால் முன்கூட்டி எழுதியதைச் சொல்லவேண்டும். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் ஆபீஸ்காரர்களுக்கு எப்போதும் தயாராக இருக்கும்.

"மினிட்ஸ்ல உள்ளபடிதான் சார்."

சொல்லி முடித்தபோது பயமோ வெட்கமோ எதுவும் வரவில்லை. உட்கார்ந்தபடியே கால் மரத்துப்போனால் அது நம் கால் இல்லை என்று தோன்றுமே, என் வாய் அப்படி இருந்தது. மெம்பரம்மா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தையற்காரரிடம், "வாங்க போகலாம்" என்று மட்டும் சொல்லி இறங்கி நடந்தார். அதிகாரி போகும்போது என் கையெழுத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்.

அந்த மாதத்துக்குள் தையற்காரர் குடும்பம் அறந்தாங்கிக்குப் போய்விட்டது. மாட்டு வண்டியில் தையல் மிஷினை நடுவில் கட்டி, இரண்டு பக்கமும் பெண் பிள்ளைகளை உட்காரவைத்திருந்தார்கள். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வண்டியின் பின்னால் இரண்டு குடங்கள், வெறும் குடங்கள், ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டுக்கொண்டு போயின. சில வாரங்களில் வடகரை முள் மக்கியது. யாரோ அதை விறகுக்கு எடுத்துப்போனார்கள். பெண்கள் பழையபடி அங்கே தண்ணீர் எடுத்தார்கள். அதற்குத் தீர்மானம் எதுவும் தேவைப்படவில்லை. சுகாதாரம் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

அப்போதுதான் எனக்கு ஏதோ ஒன்று லேசாக உறைத்தது. ஒருநாள் மினிட் புத்தகத்தையும் மைக்கூட்டையும் எடுத்துக்கொண்டு மெம்பரம்மாவின் தோட்டத்துக்குப் போனேன். மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே புத்தகத்தைத் திறந்து காட்டினேன்.

"இப்ப எழுதிடுறேங்க. ஒங்களுக்குச் சம்மதமில்லைன்னு. 'ஏகமனதாக'ங்கிறதையும் அடிச்சுடுறேன்."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வேணாம் தம்பி."

"இல்லைங்க, பதிவாகட்டும்."

"இப்ப எழுதுனா, நாளைப்பின்ன பாக்கிறவுகளுக்கு நீ அன்னைக்கே எழுதுன மாதிரி ஆயிரும். எழுதியும் அந்த டைலரு குடும்பத்துக்கு ஒரு வழியும் பொறக்கலைன்னு ஆயிரும்." குனிந்து ஒரு மிளகாய்ச் செடியை நிமிர்த்திவிட்டார். "நீ எழுதல. அதுதானே நடந்துச்சு. அந்த எடம் அப்படியே கெடக்கட்டும்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையை மாற்றப் போய்விட்டார். புத்தகத்தை மூடிக்கொண்டு நான் திரும்பினேன். நடந்து வரும்போது அழுதேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அழவில்லை. மைக்கூடு சிந்திவிடக்கூடாது என்று கவனமாகப் பிடித்துக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது.

பதவிக்காலம் முடியும்வரை அவர் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார். என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் நான் கடைசி எழுத்தை எழுதி முடிக்கும்வரை பேனாவைத் தொடமாட்டார். நானும் முடிவு வரியைக் கூட்டம் முடிந்த பிறகுதான் எழுதினேன். பிறகும் பெரும்பாலும் 'ஏகமனதாக' என்றுதான் எழுதவேண்டியிருந்தது. எனக்கு வேலை நிரந்தரமாகி, யூனியன் ஆபீசுக்கு மாற்றலாகி, ஊர் ஊராகப் போனேன். அவர் இறந்த செய்தி திருவரங்குளத்தில் இருந்தபோது ஒரு கார்டில் வந்தது. அன்றைக்கு லீவு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இப்போது அதே ஊருக்குத் திரும்பி மகன் வீட்டில் இருக்கிறேன். எண்பத்தைந்து நெருங்குகிறது. சென்ற குடியரசு தினத்தன்று கிராம சபைக்கு என்னையும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பந்தல், மைக், கொடி, இனிப்பு. ஊராட்சிச் செயலாளராக ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், மிகவும் சுறுசுறுப்பு. தீர்மானங்களை மைக்கில் மடமடவென்று வாசித்தாள். தாள் கணினியில் அடித்து முன்பே தயாராகியிருந்தது. ஒவ்வொன்றின் முடிவிலும் அந்தச் சொல் இருந்தது. ஓடைப் புறம்போக்கில் ஏதோ அகற்றுவது, ஒரு பாதையை மாற்றுவது என்று என்னென்னவோ வந்தது. எது யார் வீட்டு வாசலில் கொண்டுபோய் முள் போடும் என்று கேட்கும்போது தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை. கை தூக்கச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர் தூக்கினார், நானும் தூக்கினேன்.

அந்தப் பெண் கையெழுத்து நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, பேனாவைத் திறந்து கையில் கொடுத்தாள். போட்டு முடித்த பிறகுதான் பார்த்தேன், எனக்கு முன்னால் போட்டவரின் கையொப்பத்துக்கும் என்னுடையதற்கும் நடுவில் ஒரு வரி காலியாக இருந்தது.

"தாத்தா, ஒரு வரி விட்டுப் போட்டுட்டீங்க" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

அது இன்னொருத்தருடையது என்று சொல்ல வாயெடுத்தேன். "பரவால்ல தாத்தா" என்று அவள் நோட்டை வாங்கிப் பின்னால் நின்றவரிடம் நீட்டி, அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். அவர் அங்கே தன் பெயரை எழுதினார்.